பலரறியா மொழியில் ஒரு நிரல்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறைத்தலைவர் அன்புடன் கேட்டபோது, இத்தனை ஆண்டுகளாக இயற்பியலையே கற்பித்துவரும் என்னிடம் தமிழ் மலருக்குத் தர என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினேன். "மொழியைப் பற்றியே எழுதுங்கள்" என்றார் அவர். அவர் கருதிய மொழி வேறு. என் நினைவுக்கு வந்த மொழி வேறு. கணிப்பொறிக்கு ஆணையிடுவதற்காக மனிதர் வகுத்துக்கொண்ட நிரல் மொழிகள் பல. அவற்றுள் பலரும் அறியாத ஒன்றை எங்கள் ஆய்வுக்கூடத்தில் தேர்ந்துகொண்ட கதையை எழுதலாம் என்று அப்போதே முடிவு செய்தேன். அம்மொழியின் பெயர் ஜூலியா. அத்தேர்வின்போது எழுந்த வினாக்கள் கணிப்பொறியோடு நின்றுவிடுவன அல்ல. ஒரு மொழியில் எழுதி வைப்பதை நாளை யார் படிப்பார் என்னும் வினாவும் அவற்றுள் ஒன்று. ஆதலின் தமிழ் பயிலும் மாணவர்களும், நம் பெரியோர்களும் தயங்காமல் படிக்கலாம். சூத்திரம் ஒன்றும் வாராது என்று உறுதி தருகிறேன்.

2020ஆம் ஆண்டு என்னிடம் ஆய்வுக்குப் பதிவு செய்துகொண்ட மாணவி ஒருவர், தம் வீட்டுக் கூரையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். கடற்கரை ஊர்களில் ஓட்டு வீடுகள் மறைந்து கான்கிரீட் தளங்கள் பெருகிவிட்டன. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம், இரவில் அதனை அறைக்குள் உமிழ்கிறது. மின்விசிறி சுழன்றாலும் அனல்தான் இறங்குகிறது. தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் எவ்வளவு குறையும்? தட்டோடு பதித்தால் எவ்வளவு குறையும்? செலவுக்கேற்ற பயன் எதில் கிடைக்கும்? இவையே அவருடைய கேள்விகள். 2022ஆம் ஆண்டுக் கோடையில் நான்கு வீடுகளின் தளங்களில், மேற்புறமும் அடிப்புறமும் வெப்பமானிகளைப் பொருத்தி, ஒரு மாதம் இரவு பகலாக அளவெடுத்தார். அவருடைய உம்மா மாடிக்குப் போகும்போதெல்லாம் கம்பிகளில் கால் இடறுகிறது என்று குறைபட்டுக்கொண்டாராம்.

அளவெடுத்தல் பாதி வேலைதான். ஒவ்வொரு வீட்டுத் தளமும் ஒவ்வொரு தன்மையுடையது. காலம் வேறு, கலவை வேறு, உள்ளிருக்கும் ஈரம் வேறு. அத்தன்மைகளை நேரே அளக்க இயலாது. சில மதிப்புகளை உத்தேசமாகக் கொண்டு, அம்மதிப்புகளுடைய தளம் அந்த மாத வெயிலில் எப்படிச் சூடேறியிருக்கும் என்று கணக்கிட்டு, வந்த விடையை வெப்பமானி காட்டியதோடு ஒப்பிட்டு, வேறுபாடு குறையும் திசையில் மதிப்புகளை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் பார்த்து 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பதைப் போன்றது இது.

இதிலுள்ள கணக்கின் பருமனைச் சொன்னால்தான் பின்னர் வருவது விளங்கும். 12 சென்டிமீட்டர் தடிமனுள்ள தளத்தை அரை சென்டிமீட்டர் கனமுள்ள 24 அடுக்குகளாகப் பகுத்துக்கொண்டோம். 10 வினாடிக்கு ஒருமுறை ஒவ்வோர் அடுக்கின் வெப்பநிலையையும் கணக்கிட வேண்டும். சோம்பல்பட்டு அதனை 20 வினாடியாக்கினால், நாங்கள் கையாண்ட எளிய முறையில் விடை தறிகெட்டு ஓடும். தளம் ஆயிரம் டிகிரிக்குச் சென்றுவிட்டதாகக் கணிப்பொறி கூசாமல் சொல்லும். முப்பது நாளுக்கு 2,59,200 படிகள். 24 அடுக்குகளுக்கு ஏறத்தாழ 62 லட்சம் கணக்கீடுகள். இது ஒரே ஒரு வில்லையைப் போட்டுப் பார்ப்பதற்கு. விடை எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் அறிய வேண்டுமானால் ஒரு வீட்டுக்கு 20,000 முறையாவது பார்க்க வேண்டும். ஆக, 12,400 கோடிக் கணக்கீடுகள்.

எங்கள் துறையில் அனைவரும் அறிந்த மொழி பைத்தான். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அம்மொழி, கற்க எளியது, பாடத்திட்டத்திலும் உள்ளது, வேலைவாய்ப்பு விளம்பரங்களிலும் உள்ளது. அதில்தான் மாணவி முதலில் எழுதினார். எழுதியது சரியாகவே இருந்தது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றரை நாள் ஓடியது. இதற்குக் காரணம் மறைபொருள் அன்று. இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால், 'இவை எண்கள்தாமா, எவ்வகை எண்கள்' என்று ஒவ்வொரு முறையும் புதிதாக விசாரித்துவிட்டே பைத்தான் கூட்டுகிறது. பத்துப் பேர் வரும் வீட்டில் வாயிற்காவலர் ஒவ்வொருவரையும் விசாரிப்பதில் குற்றமில்லை; கோடிப் பேர் வரும் இடத்தில் அதுவே பெரும் நெரிசலாகிறது.

இதற்கு அறிஞர் உலகம் நெடுநாளாகக் கையாண்டுவரும் பரிகாரம் ஒன்று உண்டு. சிந்திப்பதற்கு ஓர் எளிய மொழி, விரைவுக்கு ஒரு கடின மொழி. பைத்தானில் அறிவியல் கணக்குக்கு ஆதாரமான நம்பை என்னும் நூலகத்தின் உட்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அதற்கும் அடியில், அணிக்கணக்குகளுக்கு ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட லாபேக் என்னும் பழைய கருவூலம் துணைநிற்கிறது. நீண்ட எண்வரிசைகளை மொத்தமாகக் கையாளும் வேலையாயின் இவ்வேற்பாடு மிக நன்று. எங்கள் வேலை அத்தகையது அன்று. 24 எண்கள்தாம் வரிசை. ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி. இடையில் கோடை மழை பெய்து தளம் நனைந்தால் ஒரு விதி, உலர்ந்தால் ஒரு விதி, பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல் விழுந்தால் வேறொரு விதி.

"உள்வளையத்தை மட்டும் சி மொழியில் எழுதிவிடுங்கள், அல்லது நம்பா என்ற துணைக்கருவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பைத்தானே பறக்கும்" என்றார் கணிப்பொறித் துறை நண்பர் ஒருவர். அவர் கூறியது முற்றிலும் சரி. இந்த ஒரு கணக்கிற்கு மட்டுமாயின் அதுவே போதும். ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு வேறொரு கவலை இருந்தது. பௌதிகம் ஒரு மொழியிலும் அதன் விரைவுப் பகுதி இன்னொரு மொழியிலும் இருந்தால், மாணவி ஒரு கதவோடு நின்றுவிடுவார். அதற்கப்பால் நடப்பது அவருக்குக் கட்டளைப்படி விடை தரும் பூட்டிய அறை. விடை பிழையாக வந்தால் பிழை எந்தப் பக்கத்தில் என்று தேட அவரால் இயலாது. ஆய்வு மாணவர் தம் நிரலின் அடித்தளம் வரை இறங்கிப் படிக்க இயலவேண்டும் என்பது என் பிடிவாதம். அப்பிடிவாதமே ஜூலியாவைத் தேட வைத்தது.

ஜூலியாவின் வரலாறு சுருக்கமானது. ஜெஃப் பெசான்சன், ஸ்டெஃபான் கார்பின்ஸ்கி, விரல் ஷா, ஆலன் எடெல்மன் ஆகிய நால்வர் 2009ஆம் ஆண்டு தொடங்கி, 2012 பிப்ரவரியில் உலகுக்கு அறிவித்தனர். இவர்களுள் விரல் ஷா நம் நாட்டவர். ஆதார் திட்டத்திலும் பணியாற்றியவர். நிலைபெற்ற முதற்பதிப்பு 2018 ஆகஸ்டில் வந்தது. மறு ஆண்டே, எண்கணிப்பு மென்பொருளுக்கான ஜேம்ஸ் வில்கின்சன் பரிசு அவர்களுள் மூவருக்குக் கிடைத்தது. சிந்திக்கும் மொழியும் விரையும் மொழியும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதே அவர்களது நோக்கம். ஒரு செயற்கூற்றை முதன்முறை அழைக்கும்போது, எவ்வகைப் பொருள்களோடு அழைக்கப்பட்டது என்று பார்த்து, அவ்வகைக்கென்றே பொறிமொழியில் தனிப்படி ஒன்றை ஆக்கி வைத்துக்கொள்கிறது ஜூலியா. விசாரணை முதல் முறையோடு சரி. அடுத்த கோடி முறையும் கதவு திறந்தே இருக்கும்.

தமிழ் மாணவர்களுக்கு இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'அடி' என்பது ஒரே வினைச்சொல். ஆணி அடித்தான், மணி அடித்தான், தந்தி அடித்தான், சுவருக்கு வெள்ளை அடித்தான் என்னும்போது, உடன் வரும் சொல்லைக் கொண்டே செயல் இன்னதென்று அறிகிறோம். நான்குக்கும் நான்கு வினைச்சொற்களைத் தேடுவதில்லை. ஜூலியாவின் இலக்கணமும் அத்தகையதே. ஒரே பெயருடைய செயல், தன்னோடு வரும் பொருள்கள் அனைத்தின் வகையையும் நோக்கி, தக்க உருவத்தை எடுத்துக்கொள்கிறது. நனைந்த தளம், உலர்ந்த தளம், தட்டோடு பதித்த தளம் என்று மூன்று வகைகளை மாணவி வகுத்தார். 'வெப்பத்தைக் கடத்து' என்ற ஒரே செயல் மூன்றுக்கும் பொருந்தியது. நிரல் பாடநூலைப் போல் படிக்க வந்தது. பைத்தானில் ஒன்றரை நாள் ஓடியது, தேநீர் அருந்திவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது.

பேரளவிலும் இது நிகழ்ந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெர்க்லியில் அந்நாளில் இயங்கிய கோரி என்னும் மீக்கணிப்பொறியில், செலஸ்ட் என்ற வானியல் நிரல், 18 கோடியே 80 லட்சம் விண்மீன்களையும் மண்டலங்களையும் 14.6 நிமிடங்களில் பட்டியலிட்டது. வினாடிக்கு ஒரு பெட்டாஃபிளாப்பைக் கடந்த விரைவில் ஓடிய அந்நிரல், ஜூலியாவில் எழுதப்பட்டது. எங்கள் நான்கு மாடிகளுக்கு இது அதிகந்தான்.

நிற்க. ஒரு சிறு செய்தியையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். ஜூலியாவில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். மாணவி ஒருநாள் 'வெப்பம்', 'தடிமன்' என்று தமிழ் எழுத்திலேயே எழுதி ஓட்டிக் காட்டினார். நிரல் சிறிதும் முணுமுணுக்காமல் ஓடியது. 2008இல் வந்த மூன்றாம் பைத்தானும் இதற்கு இடமளிக்கிறது. எனக்கு மகிழ்ச்சியே. எனினும் ஆய்வேட்டுக்கான நிரலில் அதனை வேண்டாமென்றேன். தேர்வாளர் எந்த மாநிலத்தவரோ! பாடநூலில் உள்ள கிரேக்கக் குறியீடுகளையே நிரலிலும் இட்டால், தமிழறியாதவரும் சமன்பாட்டையும் நிரலையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம். மாணவி முகம் வாடினார். பயிற்சிக்கென்று எழுதிய சிறு நிரல்களில் தமிழ்ப் பெயர்களை வைத்துக்கொண்டார்.

இனி, எதிர்ப்புகளுக்கு வருவோம். முதல் எதிர்ப்பு வீட்டிலிருந்து வந்தது. மாணவியின் வாப்பா சிறிய பாத்திரக் கடை நடத்துபவர். ஒருநாள் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் துறைக்கு வந்தார். "சார், ஊரெல்லாம் ஒன்றைப் படிக்கும்போது என் பிள்ளை மட்டும் வேறொன்றைப் படிக்கிறது என்கிறாள். ஊரோடு ஒத்துப் போனால்தானே சார் பிழைக்க முடியும்?" என்றார். அடுத்த வாரமே கல்லூரியின் மூத்த பெருமகனார் ஒருவர் விழாவொன்றில் என்னை ஓரமாக அழைத்து, "தம்பி, அந்தப் பிள்ளை படிக்கிற மொழிக்கு விளம்பரத்தில் வேலை போடுகிறார்களா?" என்று கேட்டார். போடுவதில்லை என்பதே உண்மை. நூறு விளம்பரங்களைப் புரட்டினால் பைத்தானும் ஜாவாவுமே கண்ணில் படும். ஒரு குடும்பத்தில் முதன்முதலாக ஆய்வுப் பட்டத்துக்கு வந்த பெண்; நான்கு ஆண்டுகள்; அதன்பின் வேலை இல்லை என்றால் அடுத்த பெண்ணை யார் அனுப்புவார்? 'அறிவு அறிவுக்காகவே' என்று மேடையில் பேசிவிடலாம். பாத்திரக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேச இயலாது.

மாணவியிடமே முடிவை விட்டேன். வாரத்தில் இரண்டு மாலை பைத்தானையும் விடாமல் பயில்வது, ஆய்வு நிரலை ஜூலியாவில் எழுதுவது என்று அவரே வகுத்துக்கொண்டார். அவருடைய வாப்பாவிடம் அதனை அப்படியே சொன்னேன். "உங்கள் பொறுப்பு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஊர்களில் இச்சொல்லின் கனம் ஆசிரியர்கள் அறிந்ததே.

இரண்டாம் எதிர்ப்பு அறிவுடையோரிடமிருந்து வந்தது: அறியப்படாத மொழி நாளை இறந்துபட்டால் என் செய்வீர்? இது வீண் அச்சம் அன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான தார்ப்பா, மீக்கணிப்பொறிகளுக்கான புதிய மொழிகளை ஊக்குவித்தது. கிரே நிறுவனம் சேப்பலையும், ஐ.பி.எம். எக்ஸ்10 என்பதையும், சன் நிறுவனம் ஃபோர்ட்ரெஸ்ஸையும் படைத்தன. ஃபோர்ட்ரெஸ்ஸை முன்னின்று வகுத்த கை ஸ்டீல், மொழி வகுப்பதில் பேரறிஞர். கணிதத்தைக் கணிதமாகவே எழுதலாம் என்னும் அழகிய கனவு அம்மொழி. 2012ஆம் ஆண்டு அப்பணி நிறுத்தப்பட்டது. ஜூலியா அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு! சேப்பல் மட்டும் பிழைத்து வளர்ந்தது. கனடாவில் மான்ட்ரியால் பாலிடெக்னிக்கில் எரிக் லாரண்டோவின் குழுவினர், விமானத்தைச் சுற்றியோடும் காற்றைக் கணிக்கும் சாம்ப்ஸ் என்னும் மென்பொருளை அதில் எழுதினர். மூன்று பிள்ளைகளுள் எது நிலைக்கும் என்று பிறந்தபோதே சொல்லியிருக்கக் கூடியவர் யார்?

ஆனால் புகழ் வேறு, ஆயுள் வேறு. பெரும்புகழ் பெற்ற பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிந்தது; அதில் எழுதப்பட்ட அறிவியல் நிரல்கள் எத்தனையோ திருத்தி எழுதப்பட வேண்டியவையாயின. மாறாக, 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரானை இன்றைய மாணவர் பெரும்பாலும் அறியார். ஆயினும் வானிலை முன்னறிவிப்பின் பெரும் நிரல்கள் இன்றும் அதில் ஓடுகின்றன. கான்ராட் ஹின்சன், நிக்கோலா ரூஜியே என்னும், பிரான்சில் பணியாற்றிய இரு ஆய்வாளர்கள், பத்தாண்டுக்கு முன் தாம் எழுதிய நிரலை இன்று மீண்டும் ஓட்டிக் காட்ட முடியுமா என்று 2019இல் உலக ஆய்வாளர்களுக்கு அறைகூவல் விடுத்தனர். இந்த அறைகூவல் எம்மொழிக்காரருக்கும் பொருந்தும்.

இவ்விடத்தில் நம் சமுதாயத்தின் எழுத்து வரலாறு ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. தமிழை அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கென்று சில புதிய எழுத்துகளையும் சேர்த்து எழுதும் அரபுத் தமிழ், தமிழகத்திலும் இலங்கையிலும் நெடுங்காலம் வழங்கியது. அதனைத் தேர்ந்தவர்கள் அறியாமையால் தேர்ந்தவர்கள் அல்லர். வேதம் ஓதப் பழகிய பிள்ளைக்கு அரபு எழுத்து தெரியும்; வீட்டில் பேசுவது தமிழ்; இரண்டையும் இணைத்தால் பள்ளிக்கூடம் போகாத பெண்களும் படிக்கலாம். அவர்களின் தேவைக்கு அதனினும் சிறந்த கருவி அன்று இல்லை. மார்க்க நூல்களும் மருத்துவ நூல்களும் அதில் பெருகின. இருபதாம் நூற்றாண்டில் தமிழ் அச்சும் பள்ளிக் கல்வியும் பரவவே, படிப்போர் குறைந்தனர். என் வாப்பாவின் தாயார் தலைமாட்டில் வைத்திருந்த அரபுத் தமிழ்க் கைமருத்துவ நூல் ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. அதனைத் தடையின்றிப் படிப்பவர் இப்போது எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. நல்ல நூல்தான், தேர்வும் நல்ல தேர்வுதான். தமிழ் எழுத்தில் ஒரு படி எடுத்து வைக்க அக்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரே, கணிப்பொறியியலில் 'அல்காரிதம்' என்று வழங்குகிறது என்பதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவ்வளவாகச் சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு: இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையைப் பற்றி அவர் எழுதிய நூலின் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை. இலத்தீன் வடிவங்களே எஞ்சின. மூலமொழி நூல் மறைந்தும் முறை மறையவில்லை. எடுத்துச் செல்லும்படி எழுதப்பட்டிருந்தமையால், வேறு மொழியில் ஏறிப் பிழைத்துக்கொண்டது.

இவ்விரண்டையும் மனத்திற்கொண்டே எங்கள் வேலையை ஒழுங்கு செய்தோம். நிரலை எழுதுமுன் முறையை எழுதச் சொன்னேன். எந்தச் சமன்பாடு, எந்தப் பாடநூலில் எந்தப் பக்கம், எந்த எளிமையாக்கம் ஏன் செய்யப்பட்டது என்பதெல்லாம் ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பதினான்கு பக்கங்களில் அமைந்தன. ஜூலியாவின் ஓரெழுத்தும் அறியாதவர் அதனைப் படித்து வேறெந்த மொழியிலும் நிரலை எழுதிவிடலாம். அளவுகளும் விடைகளும் எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்புகளாகவே வைக்கப்பட்டன. பயன்படுத்திய ஒவ்வொரு நூலகமும் எந்தப் பதிப்பு என்பதை ஜூலியாவே ஒரு கோப்பில் குறித்து வைக்கிறது; அதனையும் ஆய்வேட்டோடு சேர்த்தோம். எல்லாவற்றினும் முக்கியமானது சோதனைக் கணக்குகள். நாள்தோறும் சீராக ஏறி இறங்கும் வெப்பம் ஒரு கெட்டிப் பொருளுக்குள் எப்படித் தேய்ந்தும் தாழ்ந்தும் இறங்கும் என்பதற்குக் கையால் போட்ட விடை பாடநூல்களிலேயே உண்டு. எங்கள் நிரல் அவ்விடையைத் தருகிறதா என்று ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் பார்த்தோம். மொழியை நம்ப வேண்டாம், என்னையும் நம்ப வேண்டாம், இக்கணக்கை நம்புங்கள் என்று மாணவியிடம் சொல்லியிருந்தேன்.

விலையும் கொடுத்தோம். தொடக்க நாள்களில், நிரலைத் திறந்து முதல் வரைபடம் திரையில் தோன்றுவதற்குள் பொறுமை போய்விடும். முதல் அழைப்பின்போது பொறிமொழியை ஆக்கும் வேலை அவ்வளவு. எங்கள் பழைய கணிப்பொறிகளில் அது மேலும் மெத்தனமாக நடந்தது. 2023 மே மாதம் வந்த 1.9ஆம் பதிப்பு, ஆக்கிய பொறிமொழியைச் சேமித்து வைக்கக் கற்றுக்கொண்ட பிறகே அந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. பிழைச் செய்திகள் ஒரு முழம் நீளம். அதனினும் பெரிய விலை, பக்கத்தில் கேட்பதற்கு ஆளில்லை என்பது. பைத்தானில் ஐயம் வந்தால் அடுத்த மேசைக்குத் திரும்பலாம். ஜூலியாவில் ஐயம் வந்தபோது ஒருமுறை பத்து நாள் வேலை நின்றது. மாணவி நூலகத்தின் மூல நிரலையே திறந்து படித்து, அதுவும் தமக்குத் தெரிந்த அதே மொழியில் இருந்தமையால், காரணத்தைத் தாமே கண்டார். என் பிடிவாதம் வீணாகவில்லை என்று அன்று எனக்குத் தோன்றியது.

எல்லா நிரலும் இவ்வாறு பலரறியா மொழியில் இருக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு வேறொன்று. அலைகளைப் பகுத்தறியும் ஃபூரியே கணக்குக்கு உலகெங்கும் வழங்கும் எஃப்.எஃப்.டி.டபிள்யூ. என்னும் நூலகத்தை, எம்.ஐ.டி.யில் மத்தேயோ ஃப்ரீகோவும் ஸ்டீவன் ஜான்சனும் ஆக்கினர். 1999ஆம் ஆண்டு வில்கின்சன் பரிசு அதற்கே. பயன்படுத்துவோர் காண்பது சி மொழி நிரல். ஆனால் அதன் உட்பகுதிகளை மனிதர் கையால் எழுதவில்லை. ஓகேமல் என்னும் மொழியில் எழுதப்பட்ட ஜென்எஃப்டி என்ற நிரல் அவற்றை எழுதித் தருகிறது. சூத்திரங்களைச் சுருக்கும் வேலைக்கு ஓகேமல் பெரிதும் ஏற்றது. அதுவரை எவரும் அறியாத கணக்கு வழிகள் சிலவற்றைக்கூட அது கண்டெடுத்தது. அரிய மொழி பட்டறைக்குள்ளேயே இருக்க, அதில் செய்த பண்டம் மட்டும் எல்லார்க்கும் தெரிந்த மொழியில் கடைக்கு வந்தது. வாங்கிச் செல்வோருக்கு ஓகேமலின் பெயரும் தெரிய வேண்டியதில்லை.

ஆய்வின் முடிவு என்னவென்று கேட்பீர்கள். நண்பகல் வெயில், 12 சென்டிமீட்டர் தளத்தைக் கடந்து அடிப்புறத்தை எட்ட ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகிறது. ஆதலால்தான் மாலையில் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் அறை வேகிறது. நான்கு வீடுகளிலும், செலவோடு வைத்துப் பார்க்கையில் வெள்ளைச் சுண்ணாம்பே முந்தியது. எனினும் அழுக்கும் பாசியும் படிந்தால் அதன் பயன் தேய்கிறது. ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் பூச வேண்டும். பாத்திரக் கடைக்காரர் தம் வீட்டு மாடிக்கு இவ்வாண்டும் பூசிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மாணவி 2024ஆம் ஆண்டு ஆய்வேட்டை அளித்துப் பட்டம் பெற்று, சென்னையில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறார். அங்கு வழங்குவது பைத்தான்தான். நேர்காணலில் ஜூலியா தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லையாம். ஒரு நிரலைக் காட்டி, இது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்டார்களாம். விடை சொல்ல இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன் சார் என்றார். மூத்த பெருமகனாரிடம் இதனைச் சொன்னபோது, "வேலை கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் தம்பி" என்றார். கிடைத்தது என்றேன்.

இப்போது வேறொரு மாணவர் அதே வேலையைத் தொடர்கிறார். அவருக்கு ஜூலியா பிடிக்கவில்லை. பதினான்கு பக்கங்களையும் படித்துவிட்டு, நம்பா துணையோடு முழுவதையும் பைத்தானில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். சோதனைக் கணக்குகள் எல்லாவற்றிலும் பழைய நிரலின் விடையே வரவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு இசைந்தேன். உலர்ந்த தளத்துக்கு ஆறாம் தசம இடம் வரை பொருந்திவிட்டது. மழையில் நனைந்த தளத்துக்கு மூன்றாம் இடத்தில் இன்னும் இடிக்கிறது; இரு நிரல்களையும் அருகருகே வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.